ஒரே ஒருத்தர்னா தி போடணும்

சிரிக்காதீங்கம்மா, நிசமாத்தான் சொல்றேன். அம்பத்திரண்டு வயசு வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச இன்ட்டு ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, மூணு இன்ட்டு நாலு பன்னெண்டு. இன்னொண்ணு, தப்பா எழுதினா வாத்தியார் செவப்புல போடுவாரே, அந்த இன்ட்டு. என் நோட்டு பூரா அதுதான் இருக்கும்.

ஆமா, தையல்கடைதான் வச்சிருக்கேன். வர்றவங்க இங்கிலீஷ்ல பேசினா முழிக்கிறியேன்னு என் மகதான் ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல சேத்துவிட்டா. அவங்க அப்பா தவறி ஒம்பது வருசமாச்சு, கடையிலயே அடைஞ்சு கிடக்கேன்னு அவளுக்குக் கவலை வேற.

இன்ட்டுன்னா வெளியிலேர்ந்து உள்ள போறதுன்னு அங்க டீச்சர் சொல்லித்தான் தெரியும். ரூமுக்குள்ள போனாலும் இன்ட்டு, கார் போய் செவுத்துல மோதினாலும் இன்ட்டு. செவுத்துக்குள்ள எங்கங்க போச்சு கார்? கேட்டேனே! அப்படித்தான் சொல்லணுமாம். ஒண்ணுமேல பைத்தியமா இருந்தா அதுக்கும் இன்ட்டுதானாம்.

ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னாங்க. பக்கத்து பெஞ்சுல ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருத்தர், வாயே திறக்கமாட்டார். அவர் நோட்டை வாங்கி டீச்சர் சத்தமா படிச்சிடுச்சு: ஐ ஆம் இன்ட்டு டெய்லர். படிச்சிட்டு செவப்புல ஒரு இன்ட்டு! டெய்லருக்கு முன்னாடி தி போடலையாம். யாரோ ஒரு டெய்லர்னா ஏ போடணும், ஒரே ஒருத்தர்னா தி போடணும், உங்களுக்கு எது சார்னு கேக்குது. மனுசன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே, ஒரே ஒருத்தர்தான் டீச்சர்ங்கிறார்.

மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கறது? மறுநாள் ஒரு சட்டைக்கு ரெண்டு கையும் எடது கையா தச்சுட்டேன். மூணு வாரம் கிளாஸ் பக்கமே தலைகாட்டல. நாலாவது வாரம் போனேன். ஏன்னு கேக்காதீங்க.

மகளுக்குச் சொல்லணுமே. தமிழ்ல சொல்ல வாய் வரல. போன்ல இங்கிலீஷ்லயே சொல்லிட்டேன், ஐ ஆம் இன்ட்டு தி மெக்கானிக்னு. அவ மூக்கை உறிஞ்சிக்கிட்டு, கிராமர் கரெக்டா இருக்கும்மாங்கிறா.

அதோ, ஜன்னல்கிட்ட ஃபாரம் எழுதிட்டிருக்காளே, அவதான். பக்கத்துல புதுச் சட்டையில நெளியறாரே, அவர்தான். நீங்க வீட்டுப் பத்திரம் வாங்கத்தானே இந்த ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்திருக்கீங்க, உங்க டோக்கன் வர இன்னும் நேரமாகும். ஒண்ணுமில்ல, அவரோட தம்பி கடைசி நேரத்துல வரமாட்டேன்னுட்டார். சாட்சிக்கு ஒரு கையெழுத்து குறையுது. அடையாள அட்டை கையில வச்சிருக்கீங்களாம்மா?