மருந்து அலமாரியில் கிடைத்த துப்பாக்கி போல்ட் என்னுடையது

பெயர் ஒமுர்பெக். தந்தை பெயர் கெரிம்பாய். வயது 43. தொழில், கோடையில் ஆட்டு மேய்ச்சல், குளிர்காலத்தில் வைக்கோல் லாரி ஓட்டுவது. முகவரி: கிர்கிஸ்தான், கோக்-தலா ஊர், மேலத் தெரு. கதவு எண் கிடையாது. நீலக் கதவு என்றால் எல்லோருக்கும் தெரியும்.

நான் மேற்படி முகவரியில் மனைவி அனார்குல்லுடன் வசித்து வருகிறேன். எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் மருத்துவ உதவியாளராக இருக்கும் புருல்சா அக்காவின் மருந்து அலமாரியில், இம்மாதம் ஒன்பதாம் தேதி சோதனைக்கு வந்தவர்கள் கண்டெடுத்த போல்ட் என் வேட்டைத் துப்பாக்கியுடையது. தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் அந்த இரும்புத் துண்டு இல்லாமல் துப்பாக்கி சுடாது. அவர் அதைத் திருடவில்லை, ஒளித்து வைக்கவும் இல்லை. நானே என் கையால் கழற்றிக் கொடுத்தேன். இதைச் சொல்ல யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகவே மலையிலிருந்து இறங்கி இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

எனக்குப் பதினெட்டு வருடமாக வோட்காப் பழக்கம். அத்துடன் ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கும் தொந்தரவும் உண்டு. குரல் கேட்டால் குடிப்பேன். குடித்தால் கொஞ்ச நேரம் அடங்கும், பிறகு கூட்டமாகத் திரும்பி வரும். மூன்று வருடத்துக்கு முன் மனைவி என்னை நகரத்துக்கு அழைத்துப் போனாள். குடிநோய் மருத்துவமனையில், “மொதல்ல பைத்தியத்தச் சரி பண்ணிட்டு வாங்க, அப்புறம் குடியப் பாக்கலாம்” என்றார்கள். எதிர்ப்புறம் இருந்த மனநோய் மருத்துவமனையில், “குடிகாரனுக்குக் குரல் கேக்காம வேற என்ன கேக்கும்? நிறுத்திட்டு வாங்க” என்றார்கள். அன்று அந்தத் தெருவை நான்கு முறை கடந்தோம். அதன் பிறகு பஸ் பிடித்து ஊர் திரும்பினோம்.

அதற்கடுத்த கோடையில் என் அண்ணன், “ஜைலூவுக்குப் போய் உக்காரு. மூணு மாசம் சொட்டு கெடைக்காது, தன்னால தெளிஞ்சிடுவ” என்று சொல்லி, மலை மேய்ச்சலுக்கு எங்களை ஏற்றி அனுப்பினார். முதல் பத்து நாள் கை நடுங்கியது, வாந்தி எடுத்தேன். அதன் பிறகு பசி வந்தது, முகம் தெளிந்தது. ஆனால் குரல் போகவில்லை. வோட்கா இல்லாததால் தடுக்க ஆளில்லாமல் அதிகமாகவே வந்தது. தேநீரில் மனைவி விஷம் கலக்கிறாள் என்று அது சொன்னது. முப்பத்து மூன்றாம் நாள் காலை நான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே போனேன். அனார்குல் மண்டியிட்டுக் குதிரைப் பால் கறந்துகொண்டிருந்தாள். அவள் முதுகுக்கு நேராகத் துப்பாக்கியைப் பிடித்தேன். இதை எழுத வேண்டாமே என்று, நான் சொல்வதை எழுதிக்கொள்ளும் ஆய்வாளர் சொன்னார். எழுதத்தான் வேண்டும் என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மடிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “சுடுறதுன்னா சுடு. ஆனா கறந்து முடிக்கிற வரைக்கும் பொறு. பாதியில விட்டா உதைக்கும்” என்றாள். கை நிறுத்தாமல் கறந்தாள். வாளியில் பால் விழும் சத்தம் மட்டும் முன்போல ஒரே சீராக இல்லை. அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். வாளி நிறைவதற்குள் துப்பாக்கியைக் கீழே வைத்தேன்.

மறுநாள் துப்பாக்கியுடன் குதிரையேறி மலையிறங்கி, நேராகப் புருல்சா அக்காவிடம் போனேன். அவர் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடியும் வரை உட்கார்ந்திருந்து நடந்ததைச் சொன்னேன். “கடைசியா எப்போ குடிச்ச?” என்றார். முப்பத்து நான்கு நாளாயிற்று என்றேன். “குரல்?” என்றார். இன்று காலையிலும் கேட்டது என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “அப்போ அது வோட்கா பேசுறது இல்ல தம்பி. ஒனக்கு நோவு ரெண்டு. ஒண்ண விட்டு ஒண்ணப் பாத்தா ரெண்டும் போகாது. ஒண்ணாத்தான் பாக்கணும்” என்றார். பதினெட்டு வருடத்தில் அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அழுதேன். அதன் பிறகு அவர் கேட்டபடி போல்ட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அனார்குல் வந்து கேட்டால்தான் திருப்பித் தருவேன் என்று சொல்லி, அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அந்த வாரமே தனக்குத் தெரிந்த ஒரு மருத்துவரிடம் என்னைக் கூட்டிப் போய்ச் சீட்டு எழுதி வாங்கினார். அந்தக் குளிர்காலம் முழுவதும் தினமும் அவர் மேஜையில் உட்கார்ந்து மாத்திரை விழுங்கினேன், அதே மேஜையில் குடியைப் பற்றியும் பேசினேன். இடையில் அண்ணன் மகள் கல்யாணத்தில் வாழ்த்துச் சொல்லும் முறை எனக்கு வந்தபோது கையில் கோப்பையைத் திணித்தார்கள், குடித்துவிட்டேன். மறுநாள் துரத்தப் போகிறார் என்று நினைத்துத்தான் போனேன். “எத்தன கிளாஸ்?” என்றார். மூன்று என்றேன். “மாத்திர எத்தன நாள் போடல?” என்றார். இரண்டு என்றேன். “சரி, ரெண்டையும் இன்னைக்கே மறுபடி ஆரம்பிப்போம். மூஞ்சியத் தூக்கு, டீ ஆறுது” என்றார். அதன் பிறகு நான் குடிக்கவில்லை. ஜைலூவில் விருந்தாளிகளுக்குக் கிமிஸ் ஊற்றும்போது, புளித்த குதிரைப் பாலிலும் போதை உண்டென்பதால், என் கிண்ணத்தில் மட்டும் அனார்குல் மோர் ஊற்றினாள். இரண்டும் வெள்ளைதான். இரண்டு கோடையாக ஒருவருக்கும் தெரியாது.

போல்ட் யாருடையது என்று விசாரித்தபோது, “என்கிட்ட வைத்தியம் பாக்குறவங்களோடது. பேர் சொல்ல மாட்டேன்” என்றே புருல்சா அக்கா சொன்னதாகவும், அதனால் அவரை வேலையிலிருந்து நிறுத்தி ஆயுத வழக்குப் போட்டதாகவும், ரொட்டி வண்டிக்காரர் மூலம் நேற்று அறிந்தேன். இன்று காலை முதலில் அவர் வீட்டுக்குப் போனேன். வழக்கைப் பற்றி நான் வாய் திறப்பதற்குள், “மாத்திர போட்டியாடா?” என்று கேட்டார்.

இங்கு ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்து, “அண்ணே, இத எழுதினா குடிநோய், மனநோய்னு ரெண்டு பதிவேட்லயும் ஒங்க பேர் ஏறும். துப்பாக்கி லைசென்ஸ் போயிடும், லாரி லைசென்ஸும் போயிடும். யோசிச்சுக்குங்க” என்றார். யோசித்துவிட்டேன். துப்பாக்கியையும் இரண்டு லைசென்ஸையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். ஓநாய்க்கு நாய்கள் போதும். நான் உயிருடன் இருப்பதும், என் மனைவி உயிருடன் இருப்பதும் அந்த அலமாரியின் பூட்டினால்தான். அவரை விட்டுவிட வேண்டும்.

எழுதியதை ஆய்வாளர் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே உள்ளது. சுயநினைவோடும் எவருடைய தூண்டுதலும் இல்லாமலும் சொன்னேன் என்று கடைசியில் எழுதுவது வழக்கமாம். என் விஷயத்தில் அதை விளக்கமாகவே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். காலை ஏழு மணிக்கு மாத்திரை போட்டேன். குடித்து ஒரு வருடம் எட்டு மாதம் ஆகிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கேட்ட குரல்கள் இரண்டு. ஒன்று ஆய்வாளருடையது. மற்றது வாசலில் குதிரையைப் பிடித்துக்கொண்டு, “முடிஞ்சிதா, இல்லையா?” என்று கத்தும் என் மனைவியுடையது.

(ஒப்பம்) ஒமுர்பெக்