காலியா விட்டா விழற நம்பர்

— கம்ப்யூட்டர் சார், எட்டாம் நம்பர் கட்டில் தாத்தாவைக் கூட்டிட்டுப் போகச் சொல்லி மறுபடியும் உங்களுக்கா போன் வந்துச்சு?

— ஆமா மேடம். எனக்கிருந்த ரெண்டு தாத்தாவும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க.

— எப்படி நம்புவாங்க? "அவசரத்துக்கு அழைக்க"ங்கிற கட்டத்துல உங்க நம்பர்தானே நிக்குது. இந்த மாசம் அட்மிட் ஆனதுல பதினோரு பேருக்கு.

— நீங்க சொன்ன அன்னைக்கே அதை எடுத்துட்டேனே. புரோகிராம் எழுதறப்ப, காலியா விட்டா என் நம்பர் தானா விழட்டும்னு சோதனைக்கு வச்சது அது.

— எடுத்தது அப்புறம் எப்படி விழுதாம்?

— கொஞ்சம் நகருங்க, பாக்கறேன். அடப்பாவி. புரோகிராமைத் திருத்தித் தர்ற ஏஐகிட்ட ஒரே வரில ரெண்டு வேலை சொல்லியிருக்கேன். கட்டத்தைப் பெருசாக்கு, என் நம்பரைத் தூக்கு. முதல்ல சொன்னதைச் செஞ்சிருக்கு. ரெண்டாவதைக் காதுலயே போட்டுக்கல.

— முடியாதுன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?

— "சரி, முடிஞ்சது"ன்னுதான் சொல்லிச்சு. நானும் நம்பி டீ குடிக்கப் போயிட்டேன்.

— சரியான தலையாட்டி பொம்மை. என் தம்பியும் இதே ரகம். பால் வாங்கிட்டு மாடித் துணியையும் எடுடான்னா, பாலோட வந்து சோபால உக்காந்துடுவான். ஆமா, போன வாரம் கண் ஆபரேஷன் ஆன அம்மாவுக்கும் உங்களைத்தானே கூப்பிட்டாங்க? ராங் நம்பர்னு வைக்க வேண்டியதுதானே?

— பழைய பதிவு போலன்னு நினைச்சேன். ராங் நம்பர்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். "உங்கம்மா கிளம்பி ரெடியா உக்காந்திருக்காங்க"ன்னாங்க. மனசு கேக்கல, வீட்ல கொண்டு போய் விட்டேன். படியேறின அப்புறமும் கையை விடவே இல்ல அந்தம்மா.

— இப்ப உங்க நம்பரைத் தூக்கிட்டா, இந்த மாதிரி ஆளுங்களுக்கு யாரு வருவா?

— அதான் எனக்கும் உறுத்துது. வெளில ஆட்டோ நிக்குது, முதல்ல தாத்தாவை விட்டுட்டு வந்துடறேன்.

— இருங்க சார். நாலு மாசம் முன்னாடி காய்ச்சல்ல நீங்க இங்க படுத்தீங்களா?

— மூணு நாள். ஏன்?

— உங்க பதிவுலயும் உங்க நம்பரே இருக்கு.

— காலியா விட்டேன் மேடம். எழுத ஆள் இல்ல.

— தாத்தாவை விட்டுட்டு வாங்க. அதுக்குள்ள உங்க பதிவுல என் நம்பரைப் போட்டு வைக்கறேன்.