பின்னறையில் தனி அடுப்பு

பிறர் பேச்சை எழுதுவது பாவமோ என்று பல வருடம் தயங்கினேன். தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொண்டு இன்று எழுதுகிறேன். டத்தோ கிராமாட் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“அக்கா, எப்படி வாழுறோம்னு வருசா வருசம் கணக்கெடுக்கிறவங்க எங்க வீட்டுக்கு வந்து கேட்டு எழுதுவாங்களே, மத்த நாட்டோட ஒப்பிட. இந்தத் தடவ அத்தைய எங்க குடும்பத்துல சேர்க்கல.”

“ஏன்? உன் மாமியார் உங்க வீட்டுலதானே இருக்காங்க?”

“அவங்க சைவம்னு பின்னறையில அடுப்பு வச்சுக் கொடுத்தோம். தனியா ஆக்கிச் சாப்பிட்டா தனிக் குடும்பமாம்.”

“அப்ப வாடகை கேளு லா!”

“சிரிக்காதீங்கக்கா. ‘முடியாம படுத்தா யார் பாத்துக்குவா’ன்னு அவங்ககிட்ட கேட்டாங்க. ‘பக்கத்து வீட்டுக்காரங்க’ன்னாங்க அத்தை. யாருன்னு கேட்டா, எங்க ஹாலைக் கை காட்டுறாங்க.”

அக்காவின் சிரிப்பு நின்றது.

“ஒரு வாரமா புதுச் சட்டியில எல்லாருக்கும் சைவம்தான் ஆக்குறேன். தினமும் கூப்பிடுறேன். இன்னும் வரலக்கா.”

இதை உள்ளபடியே நாலு பேருக்குச் சொல்லுங்கள். அத்தை வந்து சாப்பிட்டார் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அது எனக்குத் தெரியாது.