இரண்டாவது தடவை கேட்டால்

அடையாற்றிலிருந்து தி.நகர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்டவன் சொன்னான்:

"முதல் தடவை கேட்டா பொய் சொல்லுதுடா. ரெண்டாவது தடவை கேட்டாத்தான் நெசத்தைச் சொல்லுது."

"யாரு, உன் மேனேஜரா?" என்றான் மற்றவன்.

"கம்ப்யூட்டர்ல சொருகுற யுஎஸ்பி பெட்டிடா. அதுல நெட்வொர்க் வயரை மாட்டினா லைட் எரியுது. அந்தப் பெட்டியை இயக்க நான் எழுதின டிரைவர் புரோகிராம் மட்டும் வயரே இல்லைங்குது. பத்து நாளா இதே ரோதனை. இதை முடிக்காம என் நிச்சயதார்த்தத்துக்குக்கூட ஊருக்குப் போகக் கூடாதுன்னுட்டார் மேனேஜர்."

"வயர் லூசா இருந்திருக்கும், மச்சி."

"நாலு வயர் மாத்திட்டேன். இன்னிக்குக் காலையிலதான் புரிஞ்சுது. வயர் எப்பவோ கழண்டதை உள்ள இருக்குற சிப்பு ஞாபகம் வச்சுக்கிட்டு, முதல்ல அதைத்தான் சொல்லுது. உடனே இன்னொரு தடவை கேட்டா, இப்ப இருக்குறதைச் சொல்லுது. நான் ஒரு தடவை கேட்டுட்டு நிறுத்திட்டேன்."

"அப்ப அது பொய் சொல்லலை. பழங்கதை சொல்லியிருக்கு. அது மேல பழி போட்டியே."

நந்தனம் சிக்னலில் பஸ் நின்றது. கண்ணாடிக்காரன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான்.

"மத்தியானம் மேனேஜருக்கு அதை ஓட்டிக் காட்டினேன். ஊருக்குக் கிளம்புன்னுட்டார்."

"நல்லாக் கேட்டுக்கிட்டியா? அப்புறம் பொண்ணு வீட்டுல நான் பதில் சொல்ல முடியாது."

"ரெண்டு தடவை கேட்டேன்டா. ரெண்டு தடவையும் கிளம்புன்னுதான் சொன்னார்."