இரண்டாம் உறுப்பினர் இன்று சாப்பிடுகிறாரா?

ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் குடும்பம் என்று பெயர் உண்டா?

வணக்கம் சொல்வதற்கு முன்பே கேள்வி கேட்கிறாளே என்று முன்வரிசையில் புருவங்கள் உயர்வது தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. கையில் கேள்வியை வைத்துக்கொண்டு மேடை ஏறியவள், அதை இறக்கி வைத்த பிறகுதானே கைகூப்ப முடியும்? இதோ கூப்புகிறேன்.

கடலோர மாதர் மன்றத்தின் ஆறாம் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, எனக்கு ஒதுக்கிய பத்து நிமிடத்தை இப்போதே கைக்கடிகாரத்தில் எண்ணத் தொடங்கிவிட்ட மதிப்பிற்குரிய தலைவி ஞானம்பாள் அம்மையார் அவர்களே. செங்கல்பட்டில் கணினிப் பயிற்சி நிலையம் நடத்தி, 'இல்லத்துணை' என்னும் வீட்டுக் கணினி நிரலைத் தமிழிலேயே எழுதி, இன்று இந்த மேடையில் வெளியிட வந்திருக்கும் தம்பி ஜெரோம் அவர்களே. சமையலை முடித்துவிட்டு வந்த தாய்மார்களே, முடிக்காமலே வந்துவிட்ட தங்கைமார்களே. மனைவி உள்ளே இருப்பதால் வாசலிலேயே நின்றுவிட்ட பெரியோர்களே. விழா முடிவில் குலுக்கல் பரிசாகக் கேஸ் அடுப்பு உண்டு என்பதற்காக மட்டுமே வந்து, நான் எப்போது முடிப்பேன் என்று காத்திருக்கும் நேர்மையாளர்களே! உங்கள் அனைவருக்கும் பிரதீபாவின் பணிவான மாலை வணக்கம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இனி கொஞ்சம் தைரியமாகப் பேசலாம்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியாது. இந்த மாமல்லபுரத்தில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். ஆனாலும் தெரியாது. காலை ஏழே முக்காலுக்கு அலுவலகப் பேருந்தில் ஏறுகிறவள். மாலை ஆறு மணிக்கு இறங்குகிறவள். இறங்கியதும் பூட்டைத் திறந்து உள்ளே போகிறவள். அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் அளவீட்டுப் பிரிவில் வேலை. பல்கலைக்கழகத்தில் படித்தது இயற்பியல். அளக்காததை நம்பமாட்டேன். அளந்ததை நம்புவேன், இரண்டாம் முறை அளந்த பிறகு.

இப்படிப்பட்டவளை ஏன் பேச அழைத்தார்கள்? வெளியிடும் முன்பு யாராவது நான்கு வாரம் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும் என்று தம்பி ஜெரோம் கேட்டிருக்கிறார். "குறை சொல்றதுக்குன்னே ஒருத்தி இருக்கா, கடற்கரைத் தெருவுல" என்று தலைவி சொல்லியிருக்கிறார். அம்மா மறுக்கவில்லை, பாருங்கள்!

என் அக்காள் மகன் ரோஹித், சிறுசேரியில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு தன் பழைய பலகைக் கணினியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். டேப்லட் பிசி என்கிறார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய சிலேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மடியில் வைத்துக்கொள்ளலாம். பேனா போன்ற ஒரு குச்சியால் திரையைத் தொட்டால் வேலை செய்கிறது. அதில்தான் 'இல்லத்துணை'யை ஏற்றினேன்.

உதவியதா? உதவியது! பால்காரர் வராத நாளைக் குறித்துவைத்ததா? வைத்தது. மின்கட்டணத்துக்குக் கடைசி நாளைச் சொன்னதா? மூன்று நாள் முன்பே சொன்னது. துவரம்பருப்பு டப்பாவில் எத்தனை நாளுக்கு வரும், சிலிண்டருக்கு எப்போது பதிவு செய்ய வேண்டும், இரத்த அழுத்த மாத்திரை எத்தனை மிச்சம், அத்தனையும் சொன்னது. முப்பது ஆண்டுகளாக நம் தலைக்குள் மட்டுமே இருந்த ஒரு அலுவலகத்தை, சம்பளமும் விடுப்பும் இல்லாத அந்த அலுவலகத்தை, ஒருவர் முதல்முறையாக எழுத்தில் கொண்டுவந்திருக்கிறார். அதற்காகத் தம்பிக்கு ஒரு முறை கைதட்டலாம்.

போதும். இனி குறை.

முதல் நாள், முதல் திரை. "குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை?" என்று கேட்டது. ஒன்று என்று எழுதினேன். சிவப்பு எழுத்தில் வந்தது: "சரியான எண்ணை உள்ளிடவும்."

கை தவறியிருக்கும் என்று மீண்டும் எழுதினேன். ஒன்று. சரியான எண்ணை உள்ளிடவும். மூன்றாம் முறை நிதானமாக, கோடு கிழிப்பதுபோல் எழுதினேன். ஒன்று. சரியான எண்ணை உள்ளிடவும்.

தாய்மார்களே, நான் இயற்பியல் படித்தவள். ஒன்று சரியான எண் இல்லை என்று எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஆனால் இந்த வார்த்தைகளை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன் என்றும் சொல்லமாட்டேன். வீடு வாடகைக்குக் கேட்டுப் போனபோது கேட்டிருக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில், "நீங்க மட்டுந்தானா?" என்று இலையைக் கையில் பிடித்தபடி ஒருவர் நின்றபோது கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் சிவப்பு எழுத்து இல்லை, அவ்வளவுதான்.

தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சொன்ன பதிலை அப்படியே சொல்லலாமா, தம்பி? தலையாட்டுகிறார். "ரெண்டுலேர்ந்து பத்து வரைக்கும் எடுத்துக்கும் மேடம். ஒண்ணுக்கு எதுக்கு மேடம் புரோகிராமு? ஒத்த ஆளுன்னா ஓட்டல்ல சாப்ட்டுக்குவாங்களே!"

அவர்மேல் கோபம் வரவில்லை. படாளத்தில் அவர் அம்மா ஜெசிந்தா, ஒரே அறையில் எட்டுப் பேருக்குச் சோறு போட்டு வளர்த்தவர். நாற்று நடப் போனவரின் வீட்டிலிருந்து கணினி வரை வந்த பிள்ளை, எட்டுத் தட்டைப் பார்த்திருக்கிறார், ஏழு தட்டைப் பார்த்திருக்கிறார். ஒற்றைத் தட்டு வைக்கும் ஒரு வீட்டைப் பார்க்க அவருக்கு வாய்ப்பே வரவில்லை. பார்க்காத ஒன்றை யார்தான் எழுத முடியும்?

ஆகவே எனக்கு இன்னொரு பெயர் வேண்டியிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. வாசலில் "மீனேய்!" என்று குரல். கோவளத்திலிருந்து பேருந்தில் கூடையோடு வரும் முனியம்மா. ஞாயிறுதோறும் எனக்குக் கால் கிலோ நிறுத்துவிட்டு, "தராசே சிரிக்குதும்மா" என்று சொல்பவர். அவரிடம் கேட்டேன்.

"முனியம்மா, உங்க பேரை என் கம்ப்யூட்டர்ல எழுதிக்கட்டுமா?"

"இன்னாத்துக்கும்மா? ரேசன் கார்டுல சேத்துக்கப் போறியா?"

"வீட்ல ரெண்டு பேராவது இருக்கணுமாம்."

"போட்டுக்கோ. எங்க வூட்ல பதினோரு பேரு. ஒண்ணு கொறஞ்சா எவனுக்கும் தெரியப் போறதில்ல."

நிரல் வயது கேட்டது. "அம்பதோ அறுவதோ, நல்ல நம்பரா பாத்து நீயே போடு." பிறந்த நாள் கேட்டது. "பொறந்துட்டேன்ல, அது பத்தாதா?" பிடிக்காத உணவு கேட்டது. "மருமவ வெக்கிற ரசம்." அதையும் எழுதினேன். மருமகள் இந்த அரங்கில் இருந்தால் மன்னிக்க வேண்டும்; நான் பதிவு மட்டுமே செய்தேன்.

மறுநாள் காலை ஏழு மணி. திரையில் ஒரு கேள்வி எழுந்தது: "இரண்டாம் உறுப்பினர் இன்று வீட்டில் சாப்பிடுகிறாரா? ஆம், இல்லை."

இல்லை என்று தொட்டேன். உடனே ஒரு ஆளுக்குக் கணக்கிட்டு, அரை ஆழாக்கு அரிசி என்றது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். செவ்வாய் காலை, சாப்பிடுகிறாரா? இல்லை. புதன் காலை, சாப்பிடுகிறாரா? இல்லை. ஒரு வாரம் அது வெறும் கேள்வியாக இருந்தது. பத்தாம் நாள் என் கை அந்தக் கேள்வியின்மேல் கொஞ்ச நேரம் நின்றது. ஏன் நின்றது? நின்றபடி சாப்பிடுகிறவள் நான். அடுப்பு மேடையிலேயே தட்டை வைத்து, ஒரு கையில் செய்தித்தாளோடு ஏழு நிமிடத்தில் முடிப்பவள். அளந்திருக்கிறேன். ஏழு நிமிடம். அந்த வீட்டில் இன்று யார் சாப்பிடுகிறார்கள் என்று பதினெட்டு ஆண்டுகளில் எந்தக் குரலும் கேட்டதில்லை. கேட்டது ஒரு சிலேட்டு. அதுவும் என்னைப் பற்றிக் கேட்கவில்லை!

இன்று காலையோடு இருபத்தேழு முறை இல்லை சொல்லிவிட்டேன். இன்று அதன் கீழே புதிதாக ஒரு வரி வந்தது. "நான்கு வாரம் தொடர்ந்து சாப்பிடாத உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்." விடுதிக்குப் போன பிள்ளைகளுக்காகத் தம்பி எழுதிவைத்த விதியாம். நாளை இருபத்தெட்டாம் நாள். நாளையும் இல்லை என்றால் முனியம்மா போய்விடுவார். மிஞ்சுவது ஒன்று. ஒன்று சரியான எண் இல்லை. திரை இருண்டுவிடும்.

என்னம்மா? மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர் சொல்கிறார்: "ஆமான்னு அமுக்கிட்டுப் போவியா! யாரு வந்து பாக்கப் போறாங்க?" நியாயமான கேள்வி. யாரும் பார்க்கப் போவதில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அம்மா, இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் எடுக்காத அளவை எழுதியதில்லை. மற்ற எதிலும் பெருமைப்பட என்னிடம் அதிகம் இல்லை. இதையும் விட்டுவிட்டால் என்ன மிச்சம்?

ஆகவே தம்பி ஜெரோம் அவர்களே, உங்கள் நிரலின் முதல் திரையை மாற்றுங்கள். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு மாதம் ஒரு முறை வரும் தொலைபேசிக்காக நாற்காலியை நகர்த்தி வைத்திருக்கும் தாயின் வீடு, வீடுதான்! கணவர் வெளிநாட்டில், தான் வாடகை அறையில் என்று ஒற்றை டம்ளரைக் கழுவி ஒற்றை ஆணியில் மாட்டும் பெண்ணின் வீடு, வீடுதான்! மாற்றலாகி வந்த ஊரில் யார் பெயரும் தெரியாமல் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் ஆசிரியையின் வீடு, வீடுதான்! அங்கேயும் பருப்பு தீரும். அங்கேயும் பால் பொங்கும். அங்கேயும் சிலிண்டர் பாதிச் சமையலில் நின்றுபோகும். ஒன்று என்பதும் ஓர் எண்! அதைச் சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்பாதீர்கள். பதினொன்றும் ஓர் எண். முனியம்மாவின் வீட்டையும் வெளியே நிறுத்தாதீர்கள்!

தம்பி எழுந்து நிற்கிறார். "நாளைக்கே மாத்தித் தரேன் மேடம்" என்கிறார். கைதட்டுங்கள். எனக்காக வேண்டாம், ஒன்றுக்காகத் தட்டுங்கள்.

ஆனால் நிரல் மாறினால் என் கேள்வி முடிந்துவிடுமா? முடியாது. நாளைக் காலை ஏழு மணிக்கு அது கேட்கும். முதல்முறையாக, அதற்கு நான் இல்லை என்று சொல்ல விரும்பவில்லை. அதோ, கடைசித் தூணுக்குப் பக்கத்தில், காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, கேஸ் அடுப்புக்காகக் காத்திருக்கிறார் முனியம்மா. எந்த மனிதரையும் நான் சாப்பிட அழைத்ததில்லை. அழைக்கும் முறையும் தெரியாது. தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முனியம்மா, நாளை மதியம் ஒரு மணிக்கு என் வீட்டில் சாப்பிட வருவீர்களா?

"வரேம்மா! அடுப்பு வுழலன்னாலும் வரேன்! சாம்பார தண்ணியா வெக்காத!"

எல்லோரும் கேட்டீர்கள். நீங்கள்தான் சாட்சி. பத்து நிமிடத்தைப் பதினேழாக்கிய என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவி அவர்களுக்கும், குறையைக் கேட்டும் முகம் சுளிக்காத தம்பிக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, மற்ற இடங்களில் அமைதியாக இருந்த உங்களுக்கும் நன்றி. அடுப்பு உரியவருக்கே விழட்டும். வணக்கம்.

*

மன்றத்தின் மலருக்காக இந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தபோது, மறுநாள் என்ன நடந்தது என்று தலைவி கேட்டார். நடந்ததை எழுதுகிறேன்.

அடுப்பு வேறு யாருக்கோ விழுந்தது.

காலை ஏழு மணிக்குக் கேள்வி வந்தது. பதில் சொல்லாமல் விட்டுவைத்தேன். பத்து மணிக்கு ஜெரோம் பென் டிரைவோடு வந்தார். "இன்னிக்குக் கேள்விக்குப் பதில் போட்டுட்டு அப்புறம் இத ஏத்துங்க மேடம். ஒண்ணுலேர்ந்து அம்பது வரைக்கும் எடுக்கும்" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். ஞாயிறு ஆராதனை முடிந்து அம்மா காத்திருப்பார் என்று கிளம்பிவிட்டார்.

கெட்டியான சாம்பார், வாழைக்காய் வறுவல், சேமியா பாயசம். ஒரு மணிக்கு இரண்டு தட்டு வைத்தேன். இரண்டு மணிக்கு இரண்டையும் மூடிவைத்தேன். மூன்று பத்துக்குப் பின்வாசலில் குரல் கேட்டது.

"ஞாயித்துக்கெழம யாவாரம்மா, வுட்டுட்டு வர முடியுமா? பஸ் ஸ்டாண்டாண்ட வரும்போது பசி தாங்கல. ரெண்டு பரோட்டா துன்னுட்டேன்." உள்ளே வரச் சொன்னேன். மீன் கவுச்சி அடிக்கும் என்று சமையலறைப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். மூடியிருந்த தட்டுகளை எட்டிப் பார்த்தார்.

"நீ இன்னும் துன்னலியா? எனக்காவயா? பேஜாரு பண்றியேம்மா. துன்னு, துன்னு. நா குந்திகினு கீறேன்."

என் தட்டை எடுத்துக்கொண்டு படிக்கு உள்பக்கம் தரையில் உட்கார்ந்தேன். அவர் மருமகளைப் பற்றியும், கூடைக்கு இடம் தராத கண்டக்டரைப் பற்றியும் பேசினார். நடுவில், "அந்தக் காய இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றார். சாப்பிட்டு முடிக்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது.

கை கழுவிவிட்டுப் பலகையை எடுத்தேன். தண்ணீர் சாப்பாடு ஆகாது. இல்லை என்று தொட்டேன். முனியம்மாவின் பெயர் பட்டியலிலிருந்து போனது. ஜெரோம் கொடுத்ததை ஏற்றினேன். குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை கேட்டது. ஒன்று என்று எழுதினேன். சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை. எடுத்துக்கொண்டது.

முனியம்மாவுக்கு எழுத்து தெரியாது. பேருந்து எண்கள் தெரியும். படியிலிருந்து எட்டித் திரையைப் பார்த்தார்.

"இன்னாமா இது? நா இங்க குந்திகினு கீறேன், ஒண்ணுன்னு போடுற?"