ஓசையில்லாப் பெட்டியையும் திறந்த எங்கள் அக்காவுக்கு

வாயிருந்தும் கத்த வழியற்ற உயிர்களுக்கு வாயாகி நின்றவரே! விமான நிலையத்துப் பயணப்பொதிச் சோதனைக் கூடத்தை முப்பது ஆண்டுகளாய்க் கண்ணிமை போல் காத்தவரே! கடமையில் கண்டிப்பும் கனிவில் கலப்படமின்மையும் கொண்ட கண்காணிப்பாளரே! பதவிப் பலகை எதைச் சொன்னாலும் எங்கள் எல்லோருக்கும் அக்காவே! பணி ஓய்வு பெறும் தங்களுக்கு எங்கள் வணக்கம்.

ஓடும் பெல்ட்டை நிறுத்தி, மின்விசிறிகளை அணைத்து, தேநீரோடு வந்த கேன்டீன்காரரையும் நின்ற இடத்திலேயே நிற்கவைத்து, அந்த அமைதியில், உயிர்களைக் கடத்துவதாகச் சந்தேகம் எழுந்த பெட்டியின்மேல் காது வைப்பது தாங்கள் இக்கூடத்துக்குத் தந்த வழக்கம். "அக்கா பெட்டிக்கு நாடி பாக்குறாங்க, யாரும் இருமாதீங்க!" என்று கேலி பேசினோம். ஸ்கேனரே ஏமாந்த பெட்டிக்குள் கிளிக்குஞ்சின் கீச்சொலியையும் ஆமையின் நகம் உரசுவதையும் தங்கள் காது கண்டுகொண்ட பிறகு, கேலி பேசிய நாங்களே முந்திக்கொண்டு மின்விசிறிகளை அணைத்தோம்.

காலுறைக்குள் திணிக்கப்பட்ட ஆமைகளும், தண்ணீர் பாட்டிலுக்குள் செருகப்பட்ட கிளிகளும் தங்கள் கைபட்டு மூச்சு மீண்டன. "குட்டி உயிரோட இங்க வந்திருக்குன்னா, தாயை அங்கயே கொன்னுட்டாங்கன்னு அர்த்தம்" என்று புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் சொல்வீர்கள். அரிதாகிப்போன அவ்வுயிர்களைக் கூண்டில் வைத்துப் பெருமை பேசுவோரும், தேவாங்கின் கண்ணையும் எறும்புத்தின்னியின் செதிலையும் மருந்தென்று நம்புவோரும் இருக்கும்வரை காடுகள் இப்படித்தான் காலியாகும் என்று கோபத்தோடு சொல்வீர்கள்.

இத்தோடு வாழ்த்திவிட்டு மடலை முடிக்கவே எண்ணினோம். தாங்கள் விடவில்லை. "அந்தத் தேவாங்குங்களையும் எழுதுங்க. எழுதலைன்னா இந்த மடல் எனக்கு வேண்டாம்" என்றீர்கள். ஆகவே, மனம் ஒப்பாமல் எழுதுகிறோம்.

மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்ன முதியவரின் சூட்கேஸ் அது. விமானம் புறப்படும் நேரம். பெல்ட் நின்றது, கூடம் அடங்கியது, தாங்கள் காது வைத்தீர்கள். ஒரு சிறு சத்தமும் இல்லை. போகட்டும் என்று தலையசைத்தீர்கள், பெட்டி பறந்தது. போய் இறங்கிய ஊரில் அதைத் திறந்தவர்கள், மயக்க மருந்து கொடுத்து வாயை ஒட்டுநாடாவால் கட்டிய தேவாங்குகளைக் கண்டார்கள். ஒன்றைத் தவிர மற்றவை மூச்சடைத்து இறந்திருந்தன. பிழைத்த அந்த ஒன்றுக்கும், கடிக்காமலிருக்கக் கடத்தல்காரர்கள் பற்களை நறுக்கியிருந்தார்கள். இனி அது காட்டுக்குத் திரும்பவே முடியாது.

"சத்தமே வரலைன்னா நீங்க என்னம்மா பண்ணுவீங்க?" என்று மேலதிகாரி ஆறுதல் சொன்னார். "கத்த முடியாம கட்டிப் போட்டிருந்தாங்க சார். தொறந்து பாக்க எனக்குக் கை இருந்துச்சே" என்றீர்கள்.

மறுநாள் முதல் வழக்கம் மாறியது. சத்தம் வரும் பெட்டியைத் திறந்தீர்கள். சந்தேகப்பட்டதில் சத்தமே வராத பெட்டியை அதற்கும் முன்னால் திறந்தீர்கள். விமானங்கள் தாமதித்தன. புகார்கள் குவிந்தன. பதவி உயர்வு தங்களைத் தாண்டிப் போனது. ஒருநாளும் தாங்கள் முகம் சுளித்ததில்லை.

சென்ற வாரம், சிறுமியோடு வந்த ஒரு தாயின் பெட்டி. ஸ்கேனரில் சுருண்டு கிடக்கும் உருவங்கள். காதுக்கு எதுவும் கேட்கவில்லை. உடனே திறந்தீர்கள். உள்ளே துணிக் குரங்கு, துணிக் கரடி, துணி முயல். "படிச்சுப் படிச்சு சொன்னேனே, பொம்மைங்கதான்னு! எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுட்டீங்களே!" என்று அந்தத் தாய் பொரிந்து தள்ளினார். "மன்னிச்சுக்கோங்கம்மா. பொம்மையாவே இருந்துச்சே, அது போதும்" என்று சொல்லி, ஒவ்வொன்றாய்த் தடவி, பழையபடி அடுக்கித் தந்தீர்கள். கன்னத்தில் கண்ணீர் வழிய, முகமெல்லாம் சிரிப்பு. சந்தேகம் பொய்த்ததற்காக ஒருவர் அப்படி மகிழ்ந்ததை நாங்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

அருமை அக்காவே! உடல்நலமும் மனநிம்மதியும் குறைவின்றிப் பெற்று, பேரன் பேத்திகளோடு பல்லாண்டு வாழ்க! சத்தமில்லாத எந்தப் பெட்டியையும் நாங்கள் திறக்காமல் அனுப்பமாட்டோம். அவை ஒவ்வொன்றிலும் துணியும் பொம்மையும் மட்டுமே இருக்கட்டும். பயணிகள் எங்களை வாயார ஏசிவிட்டுப் போகட்டும். அந்த ஏச்சைத் தினம் தினம் நாங்கள் வாங்க வேண்டுமென்று எங்களை வாழ்த்திவிட்டுப் போங்கள், அக்கா.

தங்கள் பிரிவால் வாடும்,
பயணப்பொதிச் சோதனைக் கூடத்து ஊழியர்கள்