பழைய போனுக்குக் கதவடைத்த சாயங்காலம்

இந்தக் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவன் அருவியைப் பார்க்கவா வருகிறான்? பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே கேட்கிறான், வைஃபை பாஸ்வேர்டு என்ன என்று. தண்ணீர் விழுகிறதா என்று கேட்பதில்லை. சாரல் முகத்தில் அடித்தாலும் குனிந்த தலை குனிந்தபடிதான். எதிரே நிற்பது மனுஷனா, வேறு ஏதாவதா என்று நிமிர்ந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

சரி, கிட்டே வந்து உட்காருங்கள். அந்தக் கதவைச் சாத்த வேண்டாம். ஏன் என்று பிறகு தெரியும்.

பண்பொழி இசக்கிமணியின் சகலைக்கு நடந்தது இது. பெயர் சிவனணைந்தபெருமாள். பழைய குற்றாலம் போகிற சாலையில் ஒரு லாட்ஜைப் பார்த்துக்கொள்கிறவர். பின்கட்டு அறையில்தான் அவரும் பெண்சாதி ஆனந்தவள்ளியும் குடித்தனம். பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்காராதவர். எதையும் நம்பாதவர். கோயிலில் கொடுக்கிற திருநீற்றைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் பூசுவார்.

போன ஆடி மாதம். விளக்கு வைக்கிற நேரம். சாலையில் வண்டி இல்லை, ஆள் இல்லை. மலையில் இருந்து மேகம் இறங்கித் தோப்புக்குள் நின்றுகொண்டிருந்தது. லாட்ஜ் வாசலின் தகரக் கூரையில் சாரல்... பொரி வறுக்கிற மாதிரி ஒரு சத்தம்.

லாட்ஜ் முழுவதையும் ஒரு சென்னைக் கம்பெனி எடுத்திருந்தது. காலையில் அருவி, அப்புறம் முழுக்கக் கம்ப்யூட்டர். நெட் ஊர்கிறது, நாளைக்குள் சரியாகாவிட்டால் காலி செய்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகத் தென்காசியில் இருந்து நெட் சரிசெய்கிற மணிமுத்து பைக்கில் நனைந்துகொண்டே வந்தான். வரவேற்பறைச் சுவரில் வைஃபை பெட்டி. அதற்கு நேர் கீழே ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் ஆனந்தவள்ளி. அந்த நேரத்துக்கு அவள் தினமும் அங்கேதான் இருப்பாள். ஏன் என்று பெருமாள் கேட்டதில்லை.

"லைன்ல கொறை ஒண்ணும் இல்ல அண்ணாச்சி," என்றான் மணிமுத்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு. "பெட்டில பழைய செட்டிங்கே கெடக்கு. பாதையோட அகலம் இருபதுல இருக்கு, அத நாப்பதாக்கணும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல பெட்டி மூச்சு விடும். அதையும் கொறைக்கணும். அப்பம் பறக்கும்."

"பறக்கட்டும். எனக்கு எதுக்குலே பாடம் எடுக்கே?"

"ஒண்ணே ஒண்ணுதான் தடுக்கு. அரதப் பழசு போன் ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுக்குப் புதுப் பேச்சு புரியாது. அது ஒண்ணுக்காவ பெட்டி எல்லார்கிட்டயும் நிறுத்தி நிறுத்திப் பேசுது."

"யாரு போன்லே அது?"

"முத்துகுமரன்னு பேரு காட்டுது. உங்க ஆளா?"

மேஜைக்குப் பின்னால் இருந்த சத்யபிரியா தலை குனிந்துகொண்டாள். லாட்ஜில் கணக்கு எழுதுகிற பெண் அவள்.

முத்துகுமரன் ஆனந்தவள்ளியின் தம்பி. தாய் இல்லாத பிள்ளை. அவள்தான் தூக்கி வளர்த்தாள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. அதற்கு முந்தின ஐப்பசியில் வெள்ளம் வந்தபோது, துணிப்பையை எடுக்கத் திரும்பிப் போனவன் வரவில்லை. இலஞ்சிப் பக்கம் சிற்றாற்றில் உடம்பு கிடைத்தது. போன் கிடைக்கவில்லை. சுடுகாட்டில் தீ அடங்குகிறவரை நின்றுவிட்டு வந்தவர் பெருமாள்.

"எத்தன நாளா நடக்கு இது?" என்று சத்யபிரியாவைக் கேட்டார்.

"சீசன் தொடங்குனதுல இருந்து அண்ணாச்சி. தெனமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தப் பேரு கம்ப்யூட்டர்ல வரும். ஒரே ஒரு கோடு சிக்னல்தான். வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாத்தான் அவ்வளவு கம்மியாக் காட்டும். கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிரும். நான் ஆனந்தவள்ளி ஆச்சிகிட்ட மட்டும் சொல்லுவேன், வந்தாச்சுன்னு."

பெருமாளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "எவனோ ஆத்துல கெடந்த போன எடுத்து வச்சுக்கிட்டு ஓசி நெட்டுக்கு வந்து நிக்கான். திருட்டுப்பய. ஏலே மணிமுத்து, அவன உள்ள விடாம அடைச்சிரு."

"இங்கேருங்க..." ஆனந்தவள்ளி எழுந்துவிட்டாள். "விளக்கு வைக்கிற நேரத்துல கதவடைக்கப்பிடாது. நாளைக்குப் பகல்ல வச்சுக்கிடுங்க."

"ஏட்டி, இது கதவா? கம்ப்யூட்டரு."

"எதுவா இருந்தா என்ன. அவன் உள்ளயா வாரான்? வாசல்ல நிக்கான். நின்னுட்டுப் போறான். அதுவும் உங்களுக்குப் பொறுக்கலையா?"

"செத்தவனுக்கு எதுக்கு நெட்டு?"

"அவனுக்கு இல்ல. எனக்கு," என்றாள் அவள்.

மணிமுத்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணாச்சி, நீங்க பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் டீ குடிச்சுட்டு வாரேன்."

"டீயும் வேண்டாம், காபியும் வேண்டாம். அமுக்குலே."

அமுக்கினான். அகலம் நாற்பது. மூச்சு பாதி. பழைய போனுக்கு அனுமதி இல்லை. பெட்டியில் இருந்த பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்தன. பிறகு ஒவ்வொன்றாக எரிந்தன. மாடியில் சென்னைக்காரர்கள் கைதட்டுகிற சத்தம்.

"பேரு போயிட்டு ஆச்சி," என்றாள் சத்யபிரியா, மெதுவாக.

ஆனந்தவள்ளி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. தகரத்தில் சாரல் சத்தம் மட்டும். அதுவும் திடீரென்று நின்றது.

வாசல் கேட்டின் தாழ்ப்பாள் ஒரு தடவை ஆடியது.

"யக்கா..."

ஆண்குரல். தொண்டை நனைந்த குரல். நான்கு பேருக்கும் கேட்டது.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும். இருட்டுகிற நேரத்தில் வெளியே இருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைக்குத்தான் என்ன என்று கேட்க வேண்டும். மனுஷன் என்றால் மூன்று தடவை கூப்பிடுவான். மற்றதுக்கு அந்த மூன்றாவது குரல் கிடையாது.

ஆனந்தவள்ளி வாயைத் திறந்தாள். எதையும் நம்பாத பெருமாள் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"யக்கா..."

இரண்டு ஆயிற்று. "பொறு," என்றார் பெருமாள். "மூணாவது கூப்பிடட்டும்."

பொறுத்தார்கள். சுவர்ப் பல்லி சொல்லிற்று. மணிமுத்துவின் சட்டையில் இருந்து தண்ணீர் தரையில் சொட்டியது... சொட்டியது... மூன்றாவது குரல் வரவில்லை.

"வராது," என்றாள் ஆனந்தவள்ளி. "உசுரோட இருக்கும்போதும் அவன் மூணாவது தடவை கூப்பிட்டதில்ல. சின்னப் பிள்ளையில வாசல்ல நின்னு யக்கா யக்கான்னு தொண்ட கிழியக் கத்துவான். எனக்குக் காது இருக்குலே, ரெண்டு தடவை கூப்பிட்டாப் போதும்னு நான்தான் சொல்லி வளத்தேன்."

அவர் பிடி கொஞ்சம் தளர்ந்தது. அவ்வளவுதான்.

"வாலே தம்பி," என்று அவள் வாசலைப் பார்த்துச் சொன்னாள். "உள்ள வா."

பெருமாள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். மணிமுத்து பின்னால் ஒட்டிக்கொண்டு போனான். கேட் பூட்டியது பூட்டியபடி. சாலையில் அந்தக் கோடிவரை ஒரு நாய்கூட இல்லை. ஆனால் ஒரு வாடை. ஆற்றுச் சேறும் நல்லெண்ணெயும் கலந்த வாடை... அருவிக்கரையில் ஆள் எழுந்துபோன கல்லில் அடிக்குமே, அது.

கேட்டுத் தூணின் மேல் ஒரு போன் இருந்தது.

மணிமுத்து எடுத்துப் பின்மூடியைக் கழற்றினான். பேட்டரி இல்லை. பேட்டரி இருக்க வேண்டிய பள்ளம் நிறைய ஆற்று மணல்.

"அண்ணாச்சி... தொட்டுப் பாருங்க."

தொட்டார். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது.

"எவனோ அடுப்புப் பக்கம் வச்சிருந்திருக்கான்," என்றார். "நாம பேசுனது கேட்டுப் பயந்து வச்சுட்டு ஓடிட்டான்."

"கூப்பிட்டது யாரு?"

"அவன்தான். திருட்டுப்பயலுக்குக் கொரல் இருக்காதா?"

அப்போது சத்யபிரியா வெளியே ஓடி வந்தாள். செருப்புகூடப் போடவில்லை. "பேரு திரும்ப வந்துட்டு."

"வராது பிள்ள," என்றான் மணிமுத்து. "அடைச்சாச்சு. போனும் இந்தா என் கையில இருக்கு. பேட்டரிகூட இல்ல."

"எனக்குத் தெரியாது. வந்திருக்கு."

"எத்தன கோடு?"

அவள் திரும்பி லாட்ஜைப் பார்த்தாள். "எல்லாக் கோடும்."

மணிமுத்து போனைத் தூணின் மேலேயே வைத்துவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்தான், திரும்பத் திரும்பத் துடைத்தான். எல்லாக் கோடும் என்றால் பெட்டிக்குப் பக்கத்தில் என்று அர்த்தம். பெட்டிக்குக் கீழே இருப்பது ஒரு நாற்காலிதான்.

"பெட்டி கெட்டுப்போச்சு," என்றார் பெருமாள். "அமுக்கத் தெரியாம எதையோ அமுக்கிட்டே. ரெண்டு பேரும் இங்கனயே நில்லுங்க, நான் போய் அந்தத் திருட்டுப்பயலப் பிடிச்சுட்டு வாரேன்."

கேட்டைத் திறந்தார். டார்ச்சை அடித்துக்கொண்டு சாலையில் இறங்கினார். கால் வேகமாகத்தான் போனது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, எல்லாம் ஏமாற்று.

சாரல் மறுபடி பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தையும் தாண்டி, பின்னால் லாட்ஜுக்குள் இருந்து ஆனந்தவள்ளியின் குரல் தெளிவாகக் கேட்டது. பல மாதமாக அவர் கேட்காத, சிரிப்புக் கலந்த குரல்.

"ஏலே... மொதல்ல தலையத் துவட்டு. தரையெல்லாம் தண்ணி."

பெருமாள் நடந்துகொண்டே இருந்தார்.